உப்புக்காற்று வீசும் தெருவில் தோட்டம் போடுவது எப்படி?

சென்னையில் வீடு மாறுவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, வேறு வழியில்லை. சாமான்களை இறக்கி, கேஸ் இணைப்பு வாங்கி, ஒரு வாரம் கழித்து மூச்சு விட்டதும் வாசலில் நாலு செடி வைக்கலாம் என்று ஆசை வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஈ.சி.ஆர். ஓரத்து நர்சரியில் வண்டியை நிறுத்தி, பூத்துக் குலுங்கும் ரோஜா மூன்று, எலுமிச்சை ஒன்று, இட்லிப்பூ இரண்டு என்று டிக்கியில் ஏற்றிவிடுவோம். ஆனி முடிவதற்குள் ரோஜா குச்சியாகிவிடும். எலுமிச்சை இலையின் ஓரமெல்லாம் கருகியிருக்கும். இட்லிப்பூ வெளிறிப்போய் நிற்கும். நமக்குக் கைராசி இல்லை என்று தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிடுவோம்.

கொட்டிவாக்கத்தில், கடலிலிருந்து நாலாவது தெருவில், நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். கைராசிக்கு இதில் வேலையே இல்லை. நான் தேர்ந்த மாதம் தப்பு, செடி தப்பு, ஊற்றிய தண்ணீரும் தப்பு. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலை ஒட்டிக் குடியேறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஆகவே முதல் படி: மே மாதம் எதுவும் வாங்காதீர்கள்.

மாதக் கணக்கு

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பனிக்காலம் ஓய்வு. நமக்கு ஓய்வு சித்திரையும் வைகாசியும். அக்னி நட்சத்திரம் மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசியில் முடிந்துவிடும், ஆனால் வெயில் முடியாது. ஜூன் மாதத்திலும் சென்னையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. காரணம் மேல்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்று, கடல்காற்றைக் கரையேற விடாமல் தள்ளிவைக்கும். நண்பகலில் வரவேண்டிய கடல்காற்று மூன்று மணிக்கு வந்தால் அன்றைக்குச் செடி பாடு திண்டாட்டம்.

மழைக்கணக்கும் நம் ஊருக்குத் தனி. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடும். மழை பெய்யும் நாட்கள் குறைவு, பெய்யும்போது அடித்துப் பெய்யும்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தோட்டத்தின் வருஷம் தொடங்குகிறது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வயலுக்குச் சொன்னது, மொட்டைமாடிக்கு ஏன் என்று நான் ரொம்ப நாள் நினைத்ததுண்டு. எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி. இடையில் 90 நாளுக்குச் சற்று மேல். வெயில் இறங்கியிருக்கும், சாயங்காலங்களில் இடிமழை எட்டிப்பார்க்கும். வெண்டை விதைத்த 45 நாளில் காய்க்கும், கொத்தவரை இரண்டு மாதத்துக்குள் பறிக்கலாம், கத்தரி நாற்று நட்டு இரண்டு மாதத்தில் கைக்கு வரும். பெருமழை வருவதற்குள் ஒரு மகசூலைப் பார்த்துவிடலாம் என்பதுதான் அந்தப் பழமொழிக்குள் இருக்கும் கணக்கு.

மே, ஜூன் இரண்டு மாதத்தையும் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை அளந்து பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். வீட்டு போர் தண்ணீர், லாரித் தண்ணீர், குடிநீர் எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 500-க்குள் இருந்தால் கவலையே வேண்டாம். 1000 வரை பெரும்பாலான செடிகள் தாங்கும்; பீன்ஸ், எலுமிச்சை, ரோஜா முகம் சுளிக்கும். 1000-ஐத் தாண்டினால் செடியைத் தேர்ந்துதான் வைக்கவேண்டும். 2000-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிக் காய்கறித் தோட்டம் போடாதீர்கள்.

இந்தக் கடலோர மணலுக்கடியில் மழைநீர் தேங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத்தண்ணீர் கனம். கோடையில் தெருவெல்லாம் மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, மேலிருக்கும் நல்ல தண்ணீர் மெலிந்து, கீழிருக்கும் உப்பு ஏறிவருகிறது. அதனால் ஒரே போரில் டிசம்பர் அளவும் மே அளவும் ஒன்றாக இராது. இரண்டு மாதத்திலும் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உப்பு ஏறியதை மீட்டர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும். தொட்டியின் வெளிப்பக்கமும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூக்கும். இதைப் பார்த்ததும் உரம் போதவில்லை என்று இன்னொரு பிடி உரம் போடுவது எல்லோரும் செய்கிற தப்பு. உரமும் ஒரு வகை உப்புத்தான். செய்யவேண்டியது கழுவுவது: கிடைப்பதில் நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடியவிடுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பதால் உப்பு வேர்மட்டத்திலேயே தங்கும். நாள் விட்டு நாள் ஊற்றினாலும் அடிவரை நனைய ஊற்றுவது மேல். உப்புத்தண்ணீரை இலைமேல் படவிடாமல் தூரில் ஊற்றுங்கள்.

தண்ணீருக்கு இன்னும் இரண்டு வழி உண்டு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஓர் இரவில் வாளி நிறைந்துவிடும். வியர்வையும் கசகசப்புமாக நம்மை வாட்டுகிற இந்த ஈரப்பதத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த வாளித் தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் நேர்மாறு: உப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு வருவது. வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், வாசல் கழுவுங்கள்.

இரண்டாவது வழி, மழைநீர். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வீட்டிலும் ஒரு குழாய் எங்கேயோ இறங்கும். அது குழிக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். 1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 900 லிட்டர். ஆடி, ஆவணியில் வரும் ஒரு சாயங்கால மழைக்கே ஒரு சின்டெக்ஸ் நிரம்பிவிடும். முதல் மழையைத் தூசியோடு போகவிட்டு, அடுத்ததிலிருந்து பிடியுங்கள். நாற்றுக்கும் கீரைக்கும் அந்தத் தண்ணீரை ஒதுக்குங்கள். தொட்டியின் வாயைக் கொசுவலையால் கட்டத் தவறாதீர்கள்.

மண்ணும் காற்றும்

தரையில் இடமிருந்தால் ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். சில நிமிஷத்தில் காணாமல் போனால் மணல். மணிக்கணக்கில் நின்றால் களி, அல்லது கட்டட இடிபாடு போட்டு மேடாக்கி இறுகிய மண். கடலோரத்தில் மணல்தான் பெரும்பாலும். மணலைத் திட்டாதீர்கள், மழையில் வேர் அழுகாது, உப்பு சீக்கிரம் கழுவிப்போகும். அதற்கு இல்லாதது பிடிப்பு. மக்கிய தொழு உரம், இலைமக்கு, கிடைத்தால் ஏரி வண்டல், இவற்றை மேலாக மூன்று அங்குலம் பரப்பிக் கொத்திவிடுங்கள். ஒருமுறை போட்டது வருஷம் முழுக்க இருக்கும் என்று நினைக்கவேண்டாம். இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மக்கு வேகமாகக் கரைந்துவிடும், ஆடிக்கு ஒருமுறை தைக்கு ஒருமுறை போடவேண்டும்.

இடிபாட்டு மண்ணில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்திருக்கும். அதில் இட்லிப்பூவை வைத்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. என் வாசலில் செத்த இட்லிப்பூக்களின் கதை இதுதான்.

அப்புறம் காற்று. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு மாடியில் பழைய துணிக்கீற்றுகளை நாலு மூலையிலும் கட்டிப் பாருங்கள். எந்த மூலையில் பட்டுப்பட்டென்று அடிக்கிறதோ அங்கே மென்மையான செடி ஆகாது. காற்றை மறைக்கச் சுவர் எழுப்புவது பலன் தராது. சுவரைத் தாண்டிக் குதித்த காற்று மறுபக்கம் சுழன்றடிக்கும். காற்றை வடிகட்டித் தணிக்கிற தடுப்புத்தான் வேண்டும்: மூங்கில் தட்டி, நிழல்வலை, அல்லது உயிர்வேலி. கடல்பக்கத்து வரிசையில் உப்பைத் தாங்குகிறவற்றை வைத்துவிட்டால், அதன் முதுகுப்பக்கம் காய்கறி பிழைத்துக்கொள்ளும்.

எந்த மரம், எந்தப் பூ

இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சங்கப் பாட்டுகளில் நெய்தல் நிலம் வரும்போதெல்லாம் புன்னை வரும், தாழை வரும், ஞாழல் வரும், மணலில் படர்ந்த அடும்பு வரும். கடற்கரையில் எது நிற்கும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாம்தான் அதை விட்டுவிட்டு ஓசூர் ரோஜாவைத் தேடுகிறோம்.

தெருவோரத்துக்கும் காம்பவுண்டு மூலைக்கும் புன்னைக்கு நிகர் எதுவுமில்லை. மெதுவாக வளரும், அதனால் பொறுமையில்லாதவர்கள் வைப்பதில்லை. பளபளவென்ற தடித்த இலை, உப்புக்காற்று அதன்மேல் வழுக்கிப்போகும். பூவரசு, புங்கன் இரண்டும் சீக்கிரம் நிழல் தரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மொஹரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் சாலைக்குச் சாலை விழுந்து கிடந்த காட்சி நினைவிருக்கும். சீக்கிரம் வளர்ந்து, அகலக் கிளை விரித்து, எளிதில் முறிகிற மரங்களை வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம்.

பழத்துக்குச் சப்போட்டா. உப்பும் காற்றும் அதற்குப் பொருட்டில்லை. சீதாவும் கொய்யாவும் ஓரளவு வரும். தென்னைக்கு நாலு பக்கமும் 25 அடி இடைவெளி வேண்டும், இடமில்லாவிட்டால் ஒன்றோடு நிறுத்துங்கள். இன்னொரு மரம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை: லச்சகொட்டைக் கீரை. இளம்மஞ்சள் இலையோடு வாசலில் அழகுச்செடிபோல நிற்கும். ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும். கொழுந்து இலையைப் பறித்துப் பருப்போடு சமைக்கலாம். கடற்கரைக்காகவே பிறந்த மரம், கேட்டால் பக்கத்துத் தெருவில் யாராவது ஒரு கிளை தருவார்கள்.

பூச்செடிக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, சங்குப்பூ, காகிதப்பூ. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும்; அன்பு மிகுந்து தினமும் ஊற்றினால் இலைதான் தள்ளும். அரளியும் உப்பைத் தாங்கும், ஆனால் முழுச்செடியும் விஷம், குழந்தையும் மாடும் நடமாடும் இடத்தில் நான் வைக்கமாட்டேன். மல்லிகையைக் காற்றுமறைவில் வையுங்கள். மழை ஓய்ந்ததும் மார்கழியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து பூக்கும்.

புல்தரை வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் புல்லுக்கு நீர் பாய்ச்ச எனக்கு மனசு வருவதில்லை. பச்சையாக ஒரு தரை வேண்டுமென்றால் பொடுதலையைப் பரப்புங்கள். தரையோடு தரையாகப் படரும், சின்னச் சின்னப் பூவில் வண்ணத்துப்பூச்சி வரும், உப்பைத் தாங்கும், கொஞ்சம் மிதித்தாலும் சாகாது. பாட்டிமார் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவது இந்தச் செடியில்தான். இல்லையா, மண்ணை மூடச் சருகும் கூழாங்கல்லும் போதும்.

மரம் நடுவது ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவில். பெருமழைக்கு முன் வேர் ஊன்றிவிட்டால் அடுத்த கோடையைத் தாண்டிவிடும். இரண்டடிக் குழி, பாதி மண் பாதி மக்கு, காற்று வரும் திசையில் ஒரு முட்டுக்கழி. கட்டும்போது எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

இந்த மரங்கள் வளர்ந்து நிற்பதைப் பார்க்க ஆசையென்றால் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவுக்குப் போய்ச் சுற்றிவாருங்கள். நர்சரியில் அரையடிக் கன்றாக இருப்பது பத்து வருஷத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அங்கே தெரியும்.

ஆடியில் விதைப்பு

மாடியில் தொடங்குகிறவர்களுக்கு ஐந்தாறு குரோ பேக் போதும். முப்பது பை வாங்கி அடுக்கியவர்கள் தையில் அவற்றை இலவசமாகக் கொடுக்க ஆள் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரமுள்ள பையில் 20 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்தால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், ஆகவே தூண், உத்தரம் ஓடும் இடமாகப் பார்த்துச் சுவரோரம் வையுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் அடியில் காற்றோடும், மாடித் தளமும் ஊறாது.

கலவை: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும்; கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் உப்பு போதாதென்று நாமே காசு கொடுத்து வாங்கி வைக்கக்கூடாதல்லவா. கலவையை ஈரமாக்கி இரண்டு வாரம் நிழலில் மூடிவைத்துவிட்டுப் பிறகு விதையுங்கள். அதற்காகத்தான் ஆனியிலேயே வேலையைத் தொடங்கச் சொல்வது.

முதல் வருஷத்துக்கு வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், ஒரு கீரை. கொடிக்கு இடமிருந்தால் பீர்க்கனோ புடலையோ ஒன்று. வெண்டையையும் கொத்தவரையையும் நேராக விதையுங்கள், பிடுங்கி நட்டால் பிடிக்காது. கத்தரியையும் மிளகாயையும் குழித்தட்டில் நாற்றுவிட்டு, நாலைந்து இலை வந்ததும் மாற்றுங்கள். முளைக்கீரையை மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் பறிக்கலாம். புதியவர்களுக்கு முதல் தைரியம் கீரையில்தான் வரும்.

நாட்டு அவரை வைப்பவர்களுக்கு ஒரு சொல். ஆடியில் விதைத்தால் கொடி பந்தல் முழுக்க ஏறும், இலையாகத் தள்ளும், ஐப்பசி வரை ஒரு பூ இருக்காது. வெறும் கொடி என்று நான் ஒரு வருஷம் பிடுங்கிப் போட்டேன். பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப்பார்த்து, “மார்கழிப் பனி விழாம அவரை எப்படிப்பா பூக்கும்?” என்று கேட்டார். பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கிற பயிர் அது. தைப்பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு முறம் அவரைக்காய் வந்தது.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை

புரட்டாசியில் தோட்டத்தைப் பார்க்க அழகாக இருக்கும், அதனால் சோம்பல் வரும். அந்த மாதம்தான் வேலை அதிகம். மாடியின் தண்ணீர் வடியும் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் ஓர் இரவு மழைக்கு மாடியே குளமாகிவிடும். பைகளின் துளை வேரால் மூடியிருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிட்ட டெங்குக் கொசு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். முருங்கையின் உச்சியை வெட்டுங்கள், காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். உயரத் தொட்டிகளைத் தரைக்கு இறக்குங்கள். சுவர்மேல் எந்தத் தொட்டியும் இருக்கக்கூடாது, புயலில் அது கீழே போகிறவர் தலைக்கு ஆபத்து.

ஐப்பசி, கார்த்திகையில் நேரடி விதைப்பு வேண்டாம். அடித்த மழையில் விதை மிதந்து போகும், முளைத்தது தண்டழுகிச் சாயும். கூரைக்குக் கீழ், வெளிச்சம் வரும் இடத்தில் குழித்தட்டு வைத்துத் தக்காளி, கத்தரி நாற்றை மட்டும் தயார்செய்யுங்கள். தண்ணீர் லிட்டருக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கரைத்து ஊற்றினால் நாற்றழுகல் குறையும். மழை நின்ற மறுநாள் பைகளுக்கு ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள், ஏனென்றால் உப்போடு சேர்ந்து சத்தும் கழுவிப்போயிருக்கும்.

புயல் கடந்த பிறகு பலர் மறந்துவிடுகிற வேலை ஒன்று உண்டு. பலத்த காற்று கடல்நீர்த் துளியை வாரிக்கொண்டு வந்து இலையெல்லாம் பூசியிருக்கும். மழை அதிகமில்லாமல் காற்று மட்டும் அடித்துப் போயிருந்தால், அன்றைக்கே நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் தீயில் வாட்டியதுபோல ஆகிவிடும். அப்படி ஆன மரத்தையும் உடனே வெட்டாதீர்கள். பெரும்பாலும் அடுத்த மாதத்தில் துளிர்த்துவிடும். சாய்ந்த சின்னக் கன்றை நிமிர்த்தி, வேரில் மண் அணைத்து, கழி கட்டினால் பிழைக்கும்.

மார்கழி, தை: அறுவடைக் காலம்

இந்த ஊரில் தோட்டக்காரனுக்குத் திருவிழா இதுதான். மழை மண்ணைக் கழுவியிருக்கும், போர் தண்ணீர் நன்றாக இருக்கும், இரவு 21 டிகிரி வரை இறங்கும். தக்காளியை இப்போதுதான் நடவேண்டும். இரவு வெப்பம் 25 டிகிரிக்கு மேல் நின்றால் பல தக்காளி ரகங்களில் பூ காயாகாமல் உதிரும். மே மாதம் தக்காளிச் செடி பூவாய்ப் பூத்து ஒன்றும் தராததற்குக் காரணம் உரக்குறை இல்லை.

முள்ளங்கி 45 நாளில் வரும். பீட்ரூட் உப்பைத் தாங்குகிற பயிர், போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டிய வீடுகளிலும் தைரியமாக வைக்கலாம். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சாமந்தி எல்லாம் இந்த மாதங்களில்தான். கேரட்டும் காலிஃபிளவரும் ஆசைக்கு ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம், ஊட்டியை எதிர்பார்க்காதீர்கள்.

பூச்சி இந்த மாதங்களில் தொடங்கி மாசி, பங்குனியில் பெருகும். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ மூன்றும்தான் இங்கே தொல்லை. எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் மேலே ஏதோ இருக்கிறது என்று பொருள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம். அதற்கும் அடங்காத செடியைப் பிடுங்கிவிடுவதுதான் நல்லது, ஒரு செடிக்காக மாடியையே பணயம் வைக்கவேண்டாம்.

மறுபடி கோடை

மாசியில் வெள்ளரி, பூசணி, தண்டுக்கீரை விதைக்கலாம். பங்குனிக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, தவசிக்கீரை மூன்றையும் அரைநிழலில் வைத்துக்கொண்டால் கோடை முழுக்கக் கீரைக்குப் பஞ்சமில்லை. காய்த்து ஓய்ந்த பைகளைக் கொட்டி, தார்ப்பாயில் பரப்பி, ஒரு வாரம் வெயிலில் காயவையுங்கள். வேர்ப்புழுவும் பூஞ்சையும் குறையும். தரையில் இடமுள்ளவர்கள் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் முன் மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால் ஆடிக்கு உரச்செலவு பாதியாகும். தண்ணீர் கிடைத்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மற்ற எல்லாச் செடிக்கும் தூரைச் சுற்றி இரண்டங்குலம் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். தண்ணீர் காலை ஏழு மணிக்குள். மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்கிற செடிக்குத் தண்ணீர் போதும் என்று அர்த்தம், மதியமே ஓடிப்போய் ஊற்றாதீர்கள். நிழல்வலை 50 சதவீதம் போதும். தலைக்கு மேல் காற்றோட இடம்விட்டு, மேற்குப் பக்கம் கொஞ்சம் தாழ இறக்கிக் கட்டுங்கள். போன வருஷத்து வலையில் எலி கடித்த ஓட்டை இருக்கும். பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமையே அதை எடுத்து விரித்து, நைலான் நூலால் தைத்து வைத்துவிட்டால், கத்திரி வெயில் தொடங்கும் அன்று பரணில் தேடவேண்டியிருக்காது.